மணலில் ஓடிப் பழகும் தம்பிமாருக்கு

இந்த மாதத்தில் இது மூன்றாவது முழங்கால். வந்தவர் உப்புவெளித் தம்பி. கொழும்பில் வேலை, அங்கேயே ஒரு பெயின்ட்பால் (சாய உருண்டைகளால் ஒருவரையொருவர் சுடும் விளையாட்டு) அணியில் விளையாடுகிறார். லீவில் வந்து ஒரு மாதம் கடற்கரையில் ஓடிப் பழகிவிட்டுப் போனாராம். முதல் ஆட்டத்திலேயே, பாய்ந்தோடிப் பங்கருக்குப் பின்னால் சட்டென்று திரும்பி நின்றபோது முழங்காலுக்குள் ‘டக்’ என்றது. ஒருவரும் இடிக்கவில்லை. (பங்கர் என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு வேறு ஞாபகம் வரும். இது மறைந்து நிற்பதற்கான காற்றடைத்த மெத்தை.)

இரண்டு மணித்தியாலத்துக்குள் கால் வீங்கிவிட்டது. அவ்வளவு விரைவாக வீங்கினால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம், அன்றைக்கே வைத்தியரிடம் காட்டவேண்டும். இவர் என்னிடம் வந்தது பதினோராம் நாள், நோவெண்ணெய் மணக்க மணக்க. உருவி உருவியே தோல் சிவந்து கிடந்தது. சவ்வு அறுந்த மூட்டை உருவாதீர்கள் என்று இன்னும் எத்தனை தடவை சொல்வது!

“மணலில் ஓடினால்தானே சேர் வேகம் வரும்?” என்று கேட்டார். எல்லோரும் கேட்பது இதைத்தான். மணலில் ஓடினால் மூச்சு வாங்கும், கெண்டைக்கால் எரியும். அது களைப்பு, வேகம் இல்லை. பாதம் தரையில் பட்டதும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் ரப்பர் பட்டிபோல இழுபட்டுத் திரும்பவேண்டும். பாய்ச்சல் அங்கேதான் பிறக்கிறது. புதையும் மணல் அந்தத் தள்ளலை விழுங்கிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், நிற்கும்போது மணலே உங்களுக்காகப் பிரேக் பிடித்துவிடுகிறது. அப்படிப் பழகிய கால் கெட்டித் தரைக்குப் போனால் முழு அடியும் முழங்காலில் இறங்கும். அலை நனைத்த ஈரக்கரை இறுக்கம்தான், ஆனால் சரிவு. மணலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதிர்வு குறைவு என்பதால், காயம் ஆறி ஓடத் தொடங்குபவர்களை நானே அங்கே அனுப்புகிறேன். வேகத்துக்கு மைதானத்துக்குப் போங்கள்.

பெயின்ட்பாலில் மார்க்கரை, அதாவது சாய உருண்டை சுடும் துப்பாக்கியை, கையில் பிடித்து ஓடுவதால் உங்களுக்குக் கைவீச்சு இல்லை. விநாடிக்கு 300 அடி வரையான வேகத்தில் உருண்டை வருவதால் குனிந்தும் ஓடுகிறீர்கள். ஆகவே பயிற்சியிலும் கையில் அதே பாரம் இருக்கட்டும். 10 மீற்றர் பாய்ச்சல் ஆறு, ஒவ்வொன்றுக்கும் இடையில் 2 நிமிட ஓய்வு. வேகம் விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். கிழமைக்கு இரண்டு நாள் போதும். பாய்வதற்குச் சற்று முன் தசையை நிமிடக்கணக்கில் இழுத்துப் பிடிக்கவேண்டாம், மெதுவோட்டம் ஓடிச் சூடேற்றுங்கள். கச்சான் என்ற சுடுகாற்று வீசும் மத்தியானத்தில் வேண்டவே வேண்டாம். சும்மா சுட்டுப் பழகும்போதும் முகமூடியைக் கழற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தத் தம்பியை, நோகாத காலில் ஓர் அடி உயரப் பெட்டியிலிருந்து இறங்கச் சொன்னேன். ‘தொம்’ என்று குதி விழுந்தது. முழங்கால் பெருவிரல் பக்கமாக உள்ளே சாய்ந்தது. நல்ல காலே அப்படி. வீட்டில் நீங்களும் இறங்கிப் பாருங்கள், ஒருவரை முன்னால் நின்று போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சத்தமில்லாமல், முழங்கால் பாதத்துக்கு நேரே நிற்க இறங்க வரும்வரைக்கும் பாய்ச்சலைத் தள்ளிப்போடுங்கள்.