நடுவில் எங்கேயும் நிற்காமல் ஓட்டினேன் என்று சொல்லாதீர்கள்

"ராத்திரி பத்து மணிக்கு மெட்ராஸ்ல எடுத்தேன், விடியறதுக்குள்ள திருநெல்வேலி. நடுவுல ஒரே ஒரு டீ!" பொங்கல் வந்தாலே இந்தப் பெருமைப் பேச்சும் வந்துவிடுகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் கேட்பது வேறு: "நேரா போய் லாரி பின்னாடி விட்டுட்டாரு டாக்டர், பிரேக்கே போடல." பிரேக் போடாமல் மோதிய வண்டி என்றாலே எங்களுக்கு முதல் சந்தேகம் தூக்கத்தின் மேல்தான்.

"தூக்கம் வந்தா எனக்கே தெரியும், ஓரங்கட்டிடுவேன்" என்கிறார்கள். தெரியாது. தயவுசெய்து இதை நம்புங்கள். கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் தூங்கிவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 28 மீட்டர்; நான்கு நொடி என்றால் 110 மீட்டருக்கு மேல் வண்டியை யாரும் ஓட்டவில்லை. தலை சட்டென்று தொங்கி நிமிர்ந்தால், தூக்கம் வரப்போகிறது என்று அர்த்தமில்லை. நீங்கள் தூங்கி எழுந்தாயிற்று. கடைசி ஐந்து கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்றே நினைவில்லையா? அதுவும் அதே எச்சரிக்கைதான்.

ஜன்னல் காற்று, சத்தமான பாட்டு, முகத்தில் தண்ணீர் எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். காபி வேலை செய்யவே இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஆகவே காபியைக் குடித்த கையோடு அலாரம் வைத்து 20 நிமிடம் தூங்குங்கள். எழுந்ததும் கொஞ்சம் நடந்துவிட்டு வண்டியை எடுங்கள்.

இரவு 2 முதல் 6 வரை உடம்பு தூக்கம்தான் கேட்கும். ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டுக் காலை 6 மணிக்குக் கிளம்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குங்கள். டீக்கடையில் நிறுத்தினால் ஐந்தே நிமிடத்தில் கிளம்பிவிடுவீர்கள். பிள்ளைகள் "இன்னும் கொஞ்ச நேரம்" என்று கெஞ்சுகிற இடமாக இருந்தால்தான் கால் நீட்டி நடப்பீர்கள்.

மெட்ராஸ்–திருநெல்வேலி வழியில் அப்படிப்பட்ட இடங்களுக்கா பஞ்சம்? மதுராந்தகத்துக்கு முன்னால் பிரிந்தால் வேடந்தாங்கல். பொங்கல் சமயம் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் மரம் முழுக்க உட்கார்ந்திருக்கும், காலை வெயில் ஏறுமுன் பார்த்துவிடலாம். பெரம்பலூருக்கு முன்னால் ரஞ்சன்குடிக் கோட்டை, நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. மதில் மேல் ஒரு சுற்று நடந்தால் இடுப்புப் பிடிப்பு விடும். திருச்சி தாண்டி விராலிமலை, மயில்களுக்காகவே நிற்கலாம். மதுரையில் அளவாகச் சாப்பிட்டுவிட்டு அந்த 20 நிமிடத் தூக்கம். மதியம் 2 முதல் 4 வரை இன்னொரு ஆபத்தான நேரம். அப்புறம் கோவில்பட்டியில் கடலை மிட்டாய். கயத்தாறில் 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எல்லாம் சேர்த்தால் சில மணி நேரம் கூடும். கூடட்டும்.

ஓட்டுகிறவர் சளி மாத்திரை, வாந்தி மாத்திரை போடவே கூடாது. பலவற்றில் தூக்கம் வரவழைக்கும் மருந்து இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது கிளிமிப்பிரைடு மாத்திரை எடுப்பவர்கள் "ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், பார்வை மங்கும், ஸ்டியரிங் உங்கள் பிடியில் இருக்காது. பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்களுக்கு ஊர் சேர்ந்ததும் நீர்க்கடுப்பு. நல்ல கழிப்பறை இருக்கிற இடத்தை முன்கூட்டியே பார்த்து வைப்பது ஓட்டுகிறவரின் பொறுப்பு.

நிறுத்துவது என்றால் பெட்ரோல் பங்க், டோல்கேட் வளாகம், சர்வீஸ் ரோடு. நெடுஞ்சாலை ஓரத்தில் இண்டிகேட்டர் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். பின்னால் வருகிறவரும் உங்களைப் போலவே தூக்கத்தில் வரலாம். வண்டி பழுதானால் நெடுஞ்சாலை உதவி எண் 1033, அடிபட்டால் ஆம்புலன்சுக்கு 108.

முன்சீட்டில் இருப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: நீங்கள் தூங்கிவிடாதீர்கள். அவர் தலை ஒரே ஒரு முறை ஆடினாலும் சத்தம் போட்டு வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.