வெப்பப் பரிமாற்றியில் பரிமாறுவது யார்?

சூடான திரவம் ஒருபுறம், குளிர்ந்த திரவம் மறுபுறம், நடுவில் மெல்லிய உலோகச் சுவர். இரண்டும் கலக்காது; வெப்பம் மட்டும் சுவர் தாண்டிப் போகும். வாயுவானாலும் இதே கதைதான். இந்த வேலையைச் செய்யும் கருவிக்கு ஆங்கிலத்தில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று பெயர். தமிழில் வெப்பமாற்றி, வெப்பப் பரிமாற்றி என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன.

'மாற்றி' வேண்டாம் என்பது என் கட்சி. டிரான்ஸ்ஃபார்மரை மின்மாற்றி என்கிறோம். அங்கே ஒரு மின்னழுத்தம் உள்ளே போய் வேறொன்றாக வெளியே வருகிறது. இங்கே வெப்பம் எதுவாகவும் மாறுவதில்லை, இடம் பெயர்கிறது, அவ்வளவுதான். வெப்பமாற்றி என்ற சொல்லைப் பார்த்து, வெப்பத்தை மின்சாரமாக்கும் இயந்திரம் போல என்று ஒரு மாணவர் நினைத்தால் தப்பு அவர்மேல் இல்லை.

சரி, எக்ஸ்சேஞ்ச் எங்கிருந்து வந்தது? பண்டம் மாற்றுவதைக் குறித்த 'கம்பியாரே' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, பழைய பிரெஞ்சு வழியாக. இத்தாலியில் நாணயம் மாற்றும் கடைகளின் பலகையில் இன்றும் 'காம்பியோ' என்றுதான் எழுதியிருக்கும். அப்பட்டமான வியாபாரச் சொல்: நீ ஒன்று கொடு, நான் ஒன்று தருகிறேன். நம்மிடம் இந்தக் கணக்கைச் சொன்னது 'மாறு'. நெல்லுக்கு நேராக உப்பு என்று, உப்பு விற்கும் உமணர் மகள் தெருவில் கூவுவதை அகநானூறு 'விலைமாறு' கூறுவதாகச் சொல்கிறது. பண்டமாற்று என்பதும் இதே குடும்பம்தான்.

ஆனால் வெப்பத்தில் இந்த வியாபாரமே நடப்பதில்லை. சூடான பக்கம் கொடுக்கிறது, குளிர்ந்த பக்கம் வாங்கிக்கொள்கிறது. பதிலுக்கு எதுவும் திரும்பி வராது. 'குளிர்' என்று தனியாக ஒரு சரக்கு கிடையாதே. ஆக ஆங்கிலப் பெயரே கொஞ்சம் பிசகானது. (இதில் அது தனியாக இல்லை. காரின் ரேடியேட்டருக்குக் கதிர் வீசுவதை வைத்துப் பெயர் வைத்தார்கள். அதிலிருந்து வெப்பத்தைப் பெரும்பாலும் அள்ளிப் போவது காற்றுதான்.)

தமிழ்ச் சொல் இந்தப் பிசகிலிருந்து தற்செயலாகத் தப்பித்துவிட்டது. பரிமாற்றம் என்றால் கொடுக்கல் வாங்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் பரிமாறு என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பந்தி. சாம்பார் வாளியிலிருந்து இலைக்குப் போகும். இலையிலிருந்து வாளிக்குத் திரும்பாது. வெப்பமும் அப்படியே. சொல்லை ஆக்கியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள் என்றாலும், பொருள் அழகாகப் பொருந்துகிறது. எழுதும்போது 'வெப்பப்' என்பதில் ஒற்றை விடாதீர்கள்.

கருவி ஒன்றும் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் தீநீர் என்னும் வடிநீரை இறக்கும் 'வாலை' என்ற வடிகலத்தில், கீழே அடுப்பு, மேலே குளிர்ந்த நீர், நடுவே உலோகச் சுவர். ஆவி அந்தச் சுவரில் பட்டு வெப்பத்தை நீருக்குக் கொடுத்துவிட்டுத் துளியாக வடிகிறது. சூடான பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து ஆற்றுகிறோமே, அதுவும் இதே வேலைதான்.

ஆலைகளில் நெடுங்காலமாக இருப்பது கூடும் குழாயுமான வகை: உருளை வடிவக் கூட்டுக்குள் குழாய்களின் கட்டு; ஒரு திரவம் குழாய்களுக்குள், மற்றது அவற்றைச் சுற்றி. தடித்த வட்டத் தகட்டில் நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குழாயைச் செருகி, அதன் முனையை உள்ளிருந்து விரித்து இறுக்க வேண்டும், அல்லது வெல்டிங் செய்ய வேண்டும். பட்டறையில் இந்தக் குழாய்க் கட்டை டியூப் பண்டில் என்பார்கள். சுத்தம் செய்ய அதை வெளியே உருவ வேண்டுமானால், குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு இடம் எதிரே காலியாக இருக்க வேண்டும்.

இந்தச் சிரமத்தைக் குறைத்தது பால். தினமும் பிரித்துத் தேய்த்துக் கழுவும்படியான கருவி பால் பண்ணைகளுக்குத் தேவைப்பட்டது. 1923இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் செலிக்மன் தகட்டு வெப்பப் பரிமாற்றியைக் கொண்டுவந்தார். இன்றைய கருவியில், சுமார் அரை மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடுகளைப் புத்தகத் தாள்போல் அடுக்கி, இடையே கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கட் வைத்து, இரு முனைகளிலும் கனமான பலகை கொடுத்து, நீண்ட போல்ட்டுகளால் இறுக்குவது. இன்று பரவலாக இருக்கும் வடிவத்தில் தகட்டின்மேல் மீன்முள் போன்ற வரிகள் இருக்கும். எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்று உண்டு. நடுவில் இருக்கும் தகடுகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே அச்சில் அடித்தவை; ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் போதும். வரிகள் குறுக்கும் நெடுக்குமாகி ஓட்டத்தைக் கலக்கிவிடும், வெப்பம் வேகமாகக் கடக்கும். கேஸ்கட்டும் சூடானதற்கு ஒரு இடைவெளி, குளிர்ந்ததற்கு அடுத்த இடைவெளி என்று தானாகவே வழி பிரித்துவிடும். திறன் போதவில்லையா? போல்ட்டைத் தளர்த்தி, சட்டத்தில் இடம் இருக்கும்வரை இன்னும் சில தகடுகளைச் சேர்க்கலாம். அழுத்தமும் சூடும் மிகுந்த இடங்களில் மட்டும் கேஸ்கட் தாங்காது; அங்கே பெரும்பாலும் பழைய குழாய் வகைக்கே திரும்புகிறார்கள்.

பாலைப் பாஸ்சரைஸ் செய்ய, அதாவது நோய்க்கிருமிகளைச் சூட்டால் கொல்ல, 72 டிகிரியில் 15 விநாடி வைத்தால் போதும். 4 டிகிரியில் வரும் பச்சைப் பாலை, 72 டிகிரியில் வெளியேறும் பாலைக் கொண்டே முதலில் சூடாக்குகிறார்கள். இரண்டையும் ஒரே திசையில் ஓட விட்டால், சம அளவுப் பால் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் 38 டிகிரியில் சந்தித்து நின்றுவிடும். எதிரெதிரே ஓட விட்டால், வெளியேறும் பால் இழக்கக்கூடிய வெப்பத்தில் 90 சதவீதம் வரை மீட்கலாம்: பச்சைப் பால் 65 டிகிரியைத் தொட்டுவிடும், போகிற பால் 11 டிகிரிக்கு இறங்கிவிடும். சுவருக்கு அப்பால் ஓடும் வெந்நீர் ஏற்ற வேண்டியது மிச்சம் 7 டிகிரி மட்டுமே. இதற்கு எதிரோட்டம் என்ற சொல் அப்படியே பொருந்துகிறது, மற்றதற்கு இணையோட்டம்.

உறுப்புப் பெயர்களில் கேஸ்கட்டை நான் தொடமாட்டேன். 'அடைப்பு வளையம்' என்று எழுதிப் பார்த்தேன். தகட்டின் விளிம்பைச் சுற்றி, துளைகளையும் வளைத்துக்கொண்டு ஓடும் அந்த ரப்பர் வரியில் வளையம் எங்கே இருக்கிறது? கையேட்டில் முதல் இடத்தில் தகட்டு வெப்பப் பரிமாற்றி என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் வெறும் பரிமாற்றி என்றாலே ஆட்களுக்குப் புரிகிறது.