நான்கு புள்ளிகளில் ஒரு வளைவு

"வேர்டு கோப்பை எஸ்விஜியாக மாற்றித்தான் அச்சுக்குக் கொடுத்தேன். பேனரில் எழுத்தெல்லாம் பிசிறடித்து வந்திருக்கிறது. ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: மாற்றும் மென்பொருள் பக்கத்தைப் படமாகப் பிடித்து, அதை எஸ்விஜி என்ற உறைக்குள் போட்டுத் தந்துவிடுகிறது. படம் என்பது புள்ளிக் கட்டம். ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 300 வீதம் பிடித்தால் சுமார் 87 லட்சம் புள்ளிகள். பேனர் அளவுக்கு இழுத்தால் அந்தப் புள்ளிகள்தான் பெரிதாகும்.

எஸ்விஜி உண்மையில் வெக்டர் கோப்பு வகை. வெக்டர் கோப்பில் இருக்க வேண்டியது புள்ளிக் கட்டம் அல்ல, வரையும் முறை. நேர்கோட்டுக்கு இரு முனைகள் போதும். 'ழ'வின் சுழிக்கு? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது.

வரைபடத்தாளில் (0,0), (0,8), (8,8), (8,0) என்று நான்கு புள்ளிகள் வையுங்கள். முதல் புள்ளியில் தொடங்கிக் கடைசிப் புள்ளியில் முடியும் ஒரு வளைவை இந்த நான்கும் தீர்மானிக்கின்றன. அதை வரைய, புள்ளிகளை வரிசையாக மூன்று கோடுகளால் இணையுங்கள். கோடுகளின் நடுப்புள்ளிகள் (0,4), (4,8), (8,4). அவற்றை இணைத்து மறுபடி நடுப்புள்ளி எடுத்தால் (2,6), (6,6). இன்னொரு முறை எடுத்தால் (4,6). இந்தப் புள்ளி வளைவின் மேலேயே இருக்கிறது! அதைவிட அழகானது ஒன்று உண்டு. வழியில் கிடைத்த (0,0), (0,4), (2,6), (4,6) ஆகிய நான்கும் இடப்பாதி வளைவுக்கு உரிய நான்கு புள்ளிகள். வலப்பாதிக்கும் அப்படியே. ஒவ்வொரு பாதியையும் மறுபடி பாதியாக்கலாம். துண்டுகள் நேர்கோடாகவே தெரியும்வரை போகலாம். வேண்டியதெல்லாம் கூட்டலும் இரண்டால் வகுத்தலும். கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டும் கொண்டது) இரண்டால் வகுக்க இலக்கங்களை ஓரிடம் நகர்த்தினாலே போதும். விசிட்டிங் கார்டானாலும் பேனரானாலும் அதே நான்கு புள்ளிகள்தான். எத்தனை முறை பாதியாக்குவது என்பது மட்டும் மாறும். முழு வட்டத்தை மட்டும் இம்முறையில் அச்சொட்டாக வரைய இயலாது. ஆனால் நான்கு துண்டுகளை ஒட்டினால் வரும் பிழை பத்தாயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவு.

1959-இல் சிட்ரோயன் கார் நிறுவனத்தில் பால் தெ காஸ்தல்ஜோ கண்டறிந்த முறை இது. நிறுவனம் அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. ரெனோ நிறுவனத்தின் பியர் பெசியே தனியாக இதே வளைவுகளை எட்டி, வெளியிட்டார். 'பெசியே வளைவு' என்று பெயரும் அவருக்கே நிலைத்தது. அடிப்படைக் கணிதமோ 1912-இல் செர்கெய் பெர்ன்ஸ்டைன் ஒரு தேற்றத்தை நிறுவ எழுதிய பல்லுறுப்புக்கோவைகள். காரும் கணினியும் அவர் கணக்கிலேயே இல்லை. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டுத் தூய கணிதத்துக்கு நிதி மறுப்பவர்கள் இந்த 47 ஆண்டு இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

வாசகரின் கோப்புக்கு வருகிறேன். எழுத்துருவுக்குள் இந்த வகை வளைவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைத் தொலைக்காமல் கொண்டுபோவதுதான் வேலை. ஸ்கேன் செய்யாமல், மூலக் கோப்பிலிருந்தே பிடிஎஃப் எடுங்கள். அதை இங்க்ஸ்கேப் போன்ற வெக்டர் மென்பொருளில் திறந்து, எழுத்துகளை வளைவுகளாக மாற்றிச் சேமியுங்கள். அச்சகத்தில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. தமிழுக்கு இது கூடுதல் காப்பு: 'கொ' கோப்பில் 'க' முதலிலும் உயிர்க்குறி பின்னரும் இருக்கும், திரையில் வரும்போதுதான் கொம்பு முன்னே போகிறது. அதைச் சரியாகச் செய்யாத மென்பொருளிலும், வளைவாகிவிட்ட 'கொ' குலையாது.

மாற்றுவதற்கு முன் எழுத்துப்பிழைகளைப் பார்த்துவிடுங்கள், மூலக் கோப்பையும் அழிக்காதீர்கள். வளைவாகிவிட்ட சொல்லைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது.