மேசையில் இரண்டு மணி நேரம்: பாட்லக் விருந்தின் அறிவியல்

பாட்லக் விருந்தில் ஆளுக்கொரு பதார்த்தம் வரும். சமைத்த வீடு ஒன்று, சாப்பிடும் வீடு வேறு. நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடிவிடும். மத்தியதரைக்கடல் சமையல் இந்த இடைவெளியைத் தாங்குவதற்கு முக்கியக் காரணம் ஆலிவ் எண்ணெய். அதில் பெரும்பங்கு ஓலிக் அமிலம். அதன் மூலக்கூறு நடுவில் வளைந்திருப்பதால் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாது. எனவே வெண்ணெய் இறுகிப்போகும் அறை வெப்பத்திலும் ஆலிவ் எண்ணெய் திரவமாகவே இருக்கும். பதார்த்தம் ஆறினாலும் நாக்கில் கொழுப்பு ஒட்டாது.

முதலில் ஹம்மஸ், அதாவது கொண்டைக்கடலை விழுது. 250 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை 12 மணி நேரம் ஊறவைத்து, அரை டீஸ்பூன் சமையல் சோடா போட்டு வேகவையுங்கள். சோடாவின் காரத்தன்மை, செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கரைக்கிறது. விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். சோடா கூடினால் சோப்பு வாடை வரும். பூண்டு இரண்டு பல்லை எலுமிச்சைச் சாற்றுக்குள்ளேயே அரையுங்கள். நசுங்கிய பூண்டில் காரநெடியை உண்டாக்கும் நொதியை அமிலம் அடக்கிவிடும். தனியாக நசுக்கி வைத்தால் நேரம் ஆக ஆக நெடி ஏறும்.

அடுத்து 120 கிராம் தாஹினி, அதாவது எள் விழுது. சாறு பட்டதும் அது இளகாமல் கெட்டிப்பட்டு உருண்டையாகிவிடும். கெட்டுவிட்டதென்று பலர் இங்கே எண்ணெய் ஊற்றுகிறார்கள், வீண். எள் துகள்கள் கொஞ்ச ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். குளிர்ந்த நீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு அடியுங்கள். நீர் போதுமான அளவை எட்டியதும் விழுது சட்டென வெளுத்து இளகும். அதன் பிறகு கடலையைச் சேர்த்து அரைக்கலாம்.

சாலட் நீர்விடுவது சவ்வூடு பரவலால், அதாவது உப்பு காய்களின் செல்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுப்பதால். வெள்ளரி, தக்காளி இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் உப்பைப் பிசறி, 20 நிமிடம் வடிதட்டில் வைத்தால் வரவேண்டிய நீரில் பெரும்பகுதி அங்கேயே வடிந்துவிடும். எண்ணெயும் எலுமிச்சையும் தனிப் பாட்டிலில் வரட்டும். பரிமாறும்போது கலந்தால் போதும். முன்பே கலந்தால் அமிலம் பச்சையத்திலுள்ள மக்னீசியத்தைப் பிரித்துவிட, சாலட்டில் தூவும் பார்ஸ்லி (கொத்தமல்லி போன்ற கீரை) இலை பழுத்த நிறத்துக்குப் போகும்.

இனி வெப்பநிலை. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். இந்த வரம்பில் உணவு இருக்கக்கூடிய நேரம், பயணத்தையும் சேர்த்து, இரண்டு மணி. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி. மீன், கோழி, தயிர் சேர்த்தவை மட்டுமல்ல, சோறும் இதில் அடக்கம். பேசிலஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். சோறு மெதுவாக ஆறும்போது முளைத்து நஞ்சு சுரக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே சோற்றை ஆழமான பாத்திரத்தில் மூடி வைக்காமல், அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

எலுமிச்சை சேர்ந்திருக்கிறதே என்று ஹம்மஸுக்கும் சலுகை தரக் கூடாது; அந்த அளவு புளிப்பு காவலுக்குப் போதாது. பாதியைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, மீதியை ஃப்ரிட்ஜில் விடுங்கள். கிண்ணம் காலியானால் புதுக் கிண்ணம். பழையதன் மேல் புதியதைக் கொட்ட வேண்டாம். எள் ஒவ்வாமை உள்ளவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும்.