ஏற்காட்டில் மறந்த கை அஸ்தம்பட்டியில் எழுந்தது ஏன்?

அழகாபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார்: "ஏற்காட்டில் சித்தி வீட்டில் ஐந்து நாள் இருந்தேன் சார். சிக்னல் நன்றாகவே இருந்தது. ஆனால் இன்ஸ்டாகிராம் பக்கம் போகவே தோன்றவில்லை. விட்டுத்தொலைத்தோம் என்று சந்தோஷமாகக் கீழே சேலத்துக்கு இறங்கினேன். பஸ் அஸ்தம்பட்டி வந்ததும் கை தானாக ஃபோனைத் திறந்துவிட்டது. எனக்கு மன உறுதி இல்லையா?"

இதில் மன உறுதிக்கு வேலை குறைவும்மா. உங்கள் மூளை ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

டோபமைன் என்ற பெயரை எல்லோரும் கேட்டிருப்போம். இன்பம் தரும் ரசாயனம் என்று அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகள் அதைவிடச் சுவாரசியமான ஒன்றைக் காட்டின. நாக்கில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் மூளையில் டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்கள், அதாவது டோபமைன் நியூரான்கள், படபடவென்று துடிக்கும். ஒரு சைகை வந்த பிறகு சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்டதும், துடிப்பு அந்தச் சைகைக்கு மாறிவிட்டது. சைகை வந்தும் சாறு வராவிட்டால், வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இந்த நியூரான்கள் கணக்குப் பார்க்கின்றன. சாறு வருமா வராதா என்பது பாதிக்குப் பாதி என்றால், காத்திருக்கும் நேரத்தில் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகிறது என்று 2003இல் அவருடைய குழு கண்டது.

போன வாரம் தட்டுவடை செட் வாங்க நின்றிருந்தேன். கடைக்காரர் தட்டையில் சட்னி தடவி, பீட்ரூட் துருவலை வைத்து, மேலே இன்னொரு தட்டையை மூடுவதற்குள் எனக்கு முன்னால் நின்ற பையன் திரையைக் கட்டைவிரலால் நான்கு முறை கீழே இழுத்துவிட்டான். மூன்று முறை புதிதாக ஒன்றும் வரவில்லை. நான்காவது முறை ஏதோ வந்தது, சிரித்தான். தண்ணீர் வரும் நேரம் தெரியாத தெருவில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். தினமும் ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தால் ஆறு மணிக்குத்தான் குழாயைத் திறப்போம். எப்போது வரும் என்று தெரியாவிட்டால் போகும்போதும் வரும்போதும் திறந்து பார்ப்போம். அதைவிட முக்கியம், அந்தக் குழாயில் தண்ணீர் அடியோடு நின்றுபோனாலும் பல நாள் திறந்து பார்த்துக்கொண்டே இருப்போம். 1950களில் உளவியலாளர்கள் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்து விரிவாக அளந்து காட்டிய விஷயம் இது.

சரி, அப்படிப்பட்ட பழக்கம் மலையில் எங்கே போயிற்று? எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இதுதான்.

அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் பூட்டன் பல ஆண்டுகளாக எலிகளை வைத்து இதை ஆராய்ந்தவர். ஒரு பெட்டியில் நெம்புகோலை அழுத்தினால் தீனி விழும் என்று எலி கற்றுக்கொள்கிறது. பிறகு அதை வேறு பெட்டிக்கு மாற்றுகிறார்கள். அங்கே வாசனை வேறு, காலுக்கடியில் தரை வேறு, அழுத்தினாலும் தீனி கிடையாது. கொஞ்ச நாளில் எலி அழுத்துவதை நிறுத்திவிடுகிறது. பழக்கம் அழிந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? பழைய பெட்டியில் திரும்ப விட்டதும் எலி மறுபடி அழுத்த ஆரம்பித்தது, அங்கேயும் தீனி நிறுத்தப்பட்டிருந்தும்! பழைய பாடத்தை மூளை அழிக்கவே இல்லை. 'இந்த இடத்தில் கிடைக்காது' என்று ஒரு புதுப் பாடத்தை அதன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. அந்த 'இந்த இடத்தில்' என்ற சொல்தான் எல்லாம். இடத்தை நினைவில் கட்டிவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

மலையில் உங்களுக்கு நடந்தது அந்த எலிக்கு நடந்ததைவிட எளிது. ஃபோனை எடுக்கச் சொல்லும் கட்டில், பஸ் நிறுத்தம், கேண்டீன் பெஞ்சு எதுவும் அங்கே இல்லை. சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் உங்கள் கையிடம் ஒன்றும் கேட்கவில்லை. கற்ற கொஞ்சமும் 'சித்தி வீடு' என்ற தலைப்பில் பதிவாகியிருக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தபோது நீங்கள் பழைய பெட்டிக்குள் வந்துவிட்டீர்கள்.

அதனால்தான் சில நாள் ஃபோனை ஒதுக்கி வைத்தால் மூளை சுத்தமாகிவிடும் என்று சொல்லி, 'டோபமைன் டீடாக்ஸ்' என்ற பெயரில் காசு வாங்கிக்கொண்டு முகாம் நடத்துவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. டோபமைன் கழுவி வெளியேற்றும் அழுக்கு இல்லை. கையை அசைக்கவே அது வேண்டும். அதைச் சுரக்கும் நியூரான்கள் அழிவதால்தான் பார்க்கின்சன் நோயில் உடல் விறைத்து நடுங்குகிறது. எலுமிச்சம்பழம் கட்டி திருஷ்டி கழிப்பதை மூடநம்பிக்கை என்பவர்கள், அறிவியல் சொல்லை மாட்டிக்கொண்டு வரும் இதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

இடைவெளி விட்டால் பயன் உண்டா என்றால், உண்டு. 2018இல் அமெரிக்கத் தேர்தலுக்கு முன் பொருளாதார ஆய்வாளர் ஹன்ட் ஆல்காட் குழுவினர் பலரை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிலை சிறிதளவு, ஆனால் அளக்கும்படி தேறியது. செய்தி அறிவு கொஞ்சம் குறைந்தது. சோதனை முடிந்த பிறகும் அவர்கள் குறைவாகவே பயன்படுத்தினார்கள். அவர்கள் எந்த மலைக்கும் போகவில்லை, வழக்கமான வாழ்க்கையில் இருந்தபடியே நிறுத்தினார்கள். பழக்கம் முழுதாகத் திரும்பாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இப்படி ஒரு சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சேலத்திலேயே, நம் வீடுகளில், நம் பிள்ளைகளை வைத்துச் செய்யலாம். அதற்கான சிறு நல்கையைக்கூட நம் பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகளுக்குக் கொடுக்க யோசிக்கிறோம் என்பது என் ஆதங்கம்.

நீங்கள் மறுபடி முயன்றால், கீழேயே முயலுங்கள். முதல் சில நாள் கை முன்னைவிட அதிகமாகப் போகும். தண்ணீர் நின்ற குழாயை முதலில் இன்னும் வேகமாகத் திருகிப் பார்ப்போம் அல்லவா, அதுதான். கட்டில் ஒரு பெட்டி, கேண்டீன் ஒரு பெட்டி, பஸ் ஒரு பெட்டி. ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பழக வேண்டும். பஸ்ஸிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஏறும் முன்பே ஃபோனைப் பைக்குள், டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துவிடுங்கள். அஸ்தம்பட்டியில் கை போகட்டும், வெறுங்கையாகத் திரும்பி வரட்டும்.