6பி பென்சிலும் தாத்தாவின் மீசையும்

தாத்தாவின் பழைய புகைப்படத்தைப் பார்த்து வரைந்த படத்தைச் சுவரில் மாட்டியிருந்தேன். நேரே நின்று பார்த்தால் மீசை நல்ல கறுப்பு. ஜன்னல் வெளிச்சம் விழும்போது கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால் போதும், அதே மீசை வெள்ளித் தகடு போல மின்னும். கன்னத்தைவிட வெளுப்பாகக்கூடத் தெரியும். அதை 6பி பென்சிலால் அழுத்தி அழுத்தித் தீட்டியிருந்தேன். கறுப்பு எங்கே போனது என்று தேடப் போய்த்தான் பென்சிலைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

பென்சில் முனையில் ஈயம் துளியும் இல்லை. இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டு, இங்கிலாந்துச் சுரங்கத்தின் நல்ல கிராஃபைட் பிரான்சுக்கு வராமல் நின்றுபோனது. அப்போது நிக்கோலா ஜாக் கோன்டே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டார். 1795-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். களிமண் கூடினால் முனை கடினமாகும், கோடு வெளிறும். அது ஹெச் வரிசை. கிராஃபைட் கூடினால் முனை மென்மையாகும், கோடு கறுக்கும். அது பி வரிசை. ஹெச்பி நடுவில். முன்னால் உள்ள எண் கூடக் கூட அந்தக் குணமும் கூடும்.

ஆனால், 6பி என்றால் 'அதிகக் கறுப்பு', அவ்வளவுதான் என்று நினைப்பதில்தான் முகம் கெட்டுப்போகிறது. காகிதம் கண்ணுக்குத்தான் வழவழப்பு. உண்மையில் அது நார்கள் பின்னிய மேடு பள்ளம். மென்மையான முனை சீக்கிரம் மழுங்கி, மேடுகளில் மட்டும் தடிமனாக அப்பிக்கொள்ளும். பள்ளங்கள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். அந்தப் பொரிப்பொரியான தோற்றம் கம்பளிச் சட்டைக்குப் பொருந்தும், கன்னத்துக்குப் பொருந்தாது. ஊசி போலச் சீவிய 2ஹெச் முனையோ பள்ளத்துக்குள்ளும் இறங்கும். மெல்லிய படலமாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குத் தோல் மெதுவாக நகரும். 2பி-யால் நிழலிட்டுவிட்டு அதன்மேல் ஹெச்பி-யை லேசாக ஓட்டிப் பாருங்கள், புள்ளிகள் அடங்கிவிடும்.

சரி, மீசைக்கு வருவோம். கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கின்றன. ஒரு தாளுக்குள் பிணைப்பு மிக வலுவானது. தாளுக்கும் தாளுக்கும் இடையே பிடிப்பு ரொம்பக் குறைவு. அதனால்தான் உரசியதும் சீட்டுக்கட்டு போல நழுவிக் காகிதத்தில் ஒட்டுகிறது. நான் அழுத்த அழுத்த, காகிதத்தின் மேடுகள் நசுங்கின. கிராஃபைட் செதில்கள் படுத்த நிலையில் வரிசையாகப் பதிந்து குட்டிக் கண்ணாடிகளாகிவிட்டன. ஜன்னல் ஒளி அவற்றில் பட்டு ஒரே திசையில் திரும்பியது. கறுப்பு வேண்டும் என்று அழுத்தியதுதான் கறுப்பைக் கெடுத்தது.

கிராஃபைட்டுக்குப் பதில் மரக்கரி வைத்த கரிப் பென்சிலில் இந்தத் தொல்லை இல்லை. கரித்தூள் ஒழுங்கற்றது, சொரசொரப்பானது. உள்ளே போன ஒளி அங்குமிங்கும் மோதி அடங்கிவிடும். கண்மணியின் கறுப்புக்கும் மூக்குத் துவாரத்துக்கும் எனக்கு இதைவிட நல்ல பொருள் தெரியாது. கை பட்டால் தீற்றிக்கொள்ளும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: கிராஃபைட்டால் மெழுகிய இடத்தில் கரி வழுக்கும், பிடிக்காது. கரிக்கான இடத்தை முதலிலேயே வெறுமையாக விட்டுவிட வேண்டும்.

இரண்டாம் முறை அப்படித்தான் வரைந்தேன். தாத்தாவின் மீசையில் நாலைந்து நரைமயிர் உண்டு. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அந்த இடங்களில் காகிதத்தைக் கீறிவிட்டு, அப்புறம் கரிப் பென்சிலைச் சாய்த்து லேசாக ஓட்டினேன். முனை கீறல்களைத் தொடாமல் மேலேயே போய்விட, கறுப்புக்கு நடுவே நரை ஒவ்வொன்றாக வெளியே வந்தது.