மலிவான தோட்டா எங்கே காலை வாரும்?

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ‘பாயின்ட் டூ டூ’ (.22 அங்குலத் தோட்டா) என்றால் விளக்கம் தேவையில்லை. குப்புறப் படுத்து, 25 கெஜம் தள்ளியிருக்கும் இலக்கைச் சுடும் அந்தப் பொடித் தோட்டாவின் வகையை 1887இல் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதும் இதே அளவுத் தோட்டாவில்தான். உலகம் முழுக்க ரைஃபிள் பயிற்சி இதில் நடப்பதற்கு முதல் காரணம் விலை.

பெரிய ரைஃபிள் தோட்டாவின் அடியில், நடுவில், வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் என்ற தனிக் கிண்ணம் பொருத்தியிருக்கும். இதில் அது கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு உள்ளே குடைவாக இருக்கும். எரிபசையை ஈரமாகக் கூட்டுக்குள் வைத்துச் சுழற்றினால் அந்தக் குடைவில் போய் அப்பிக்கொள்ளும். விசையை அழுத்தியதும் பாயும் ஃபயரிங் பின் என்ற முள் விளிம்பை நசுக்க, பசை தீப்பற்றுகிறது. நசுங்க வேண்டுமானால் கூடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கூடு அதிக அழுத்தம் தாங்காது. அதனால் வெடிமருந்து சுமார் 0.1 கிராம்தான். வேகமும் குறைவு என்பதால் முழுச் செம்பு உறை தேவையில்லை, மெழுகு பூசிய 2.6 கிராம் ஈயக் குண்டே போதும்.

சுடும்போது ரைஃபிள் தோளில் கொடுக்கும் உதையும் இல்லாத மாதிரிதான். 4 கிலோ ரைஃபிளை வைத்துக் கணக்குப் போட்டால், ராணுவ 7.62 மி.மீ. தோட்டாவின் உதை ஆற்றல் இதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். நாள் முழுக்கச் சுட்டாலும் தோள் வலிக்காது.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. 50 மீட்டரைக் கடக்க இந்தக் குண்டுக்குச் சுமார் 0.16 நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை 12 செ.மீ. கீழே இழுத்துவிடும். ஒரு தோட்டா நொடிக்கு 325 மீட்டரில் கிளம்பி அடுத்தது 315 மீட்டரில் கிளம்பினால், இரண்டாவது 7 மி.மீ.க்கு மேல் கூடுதலாக இறங்கும். ஒலிம்பிக் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான்! இவ்வளவு குறைந்த மருந்தில் துளி கூடினாலும் குறைந்தாலும், பசை ஒரு பக்கம் தடித்தாலும் வேகம் மாறிவிடும். விலை உயர்ந்த தோட்டாவுக்குக் கொடுக்கும் காசு வேகத்துக்கு அல்ல, ஒன்றைப்போலவே இன்னொன்று இருப்பதற்கு.

மலிவு டப்பாக்கள் பலவற்றில் ‘ஹை வெலாசிட்டி’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். வேகமாகப் போனால் பக்கக்காற்று குறைவாகத்தானே தள்ளும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. குண்டு எவ்வளவு விலகும் என்பதை முடிவுசெய்வது பறக்கும் மொத்த நேரமல்ல, காற்றின் தடையால் அது எவ்வளவு தாமதமாகிறது என்பதே. ஒலியின் வேகமான 340 மீட்டரை நெருங்கும்போது தடை சட்டென்று எகிறுகிறது. 380 மீட்டரில் கிளம்பும் குண்டு அந்தத் தடையில் மாட்டி அதிகம் தாமதமாகும், அதிகம் விலகும். போட்டித் தோட்டாக்களை 325ஐ ஒட்டியே வைத்திருப்பது அதனால்தான்.

ஆக, மூச்சு, படுக்கும் நிலை, விசையை அழுத்தும் பக்குவம் ஆகியவற்றைப் பழக மலிவுத் தோட்டா தாராளமாகப் போதும். ஆனால் மேலும் கீழுமாகச் சிதறிய ஓட்டைகளைப் பார்த்து உங்கள் மூச்சைச் சந்தேகிக்காதீர்கள். அதில் பாதி டப்பாவின் வேலையாக இருக்கலாம். சைட்டை (குறிபார்க்கும் கருவியை) மலிவுத் தோட்டாவை வைத்துச் சரிசெய்வது வீண். ஒரு குழலுக்கு ஒத்துப்போகும் லாட் (ஒரே தடவையில் தயாரான தோட்டாத் தொகுதி) இன்னொன்றுக்கு ஒத்துவராது. அதனால்தான் பெரிய வீரர்கள் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள ஈலி என்ற தோட்டா நிறுவனத்தின் சோதனைக் கூடம் வரை ரைஃபிளோடு போய், பல லாட்களைச் சுட்டுப் பார்த்து, பிடித்த ஒன்றை மொத்தமாக வாங்குகிறார்கள்.

மலிவில் அடிக்கடி வரும் இன்னொரு தொல்லை, தோட்டா வெடிக்காமல் போகும் மிஸ்ஃபயர். பசை படாத இடத்தில் பின் விழுந்தால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும். அந்த நொடியில் குழல் முனையைக் கவனியுங்கள். சத்தத்தை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே சுருங்குபவருக்கு முனை குபுக்கென்று கீழே இறங்கும்; வெடித்திருந்தால் இது தெரிந்திருக்காது. பயிற்சியாளர்கள் இதற்காகவே சொல்லாமல் வெடிக்காத டம்மித் தோட்டாவைக் கலந்து கொடுப்பதுண்டு. ‘டிக்’ கேட்டதும் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் தாழ்ப்பாளை) திறந்துவிடக் கூடாது. பசை தாமதமாகவும் பற்றலாம். குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 நொடி பொறுத்த பிறகுதான் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும்.